மந்தரப் பெட்டி நான்காம் எண்

காஜா பேராங் சாலையில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த மலாக்கா தமிழர் சங்கீத சம்ரட்சண சபை, பதினோரு வருஷமாகச் சங்கீதத்தைக் காப்பாற்றி வந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் அங்கே ஒரு கச்சேரிகூட நடந்ததில்லை. கச்சேரி என்று வைத்தால் பாடுகிறவருக்கு இருமல் வரும், தம்புராக் கம்பி அறும், தாளம் முன்னே பின்னே போகும். இதெல்லாம் சங்கீதத்துக்குச் சேதம். கூட்டத்தில் அந்த ஆபத்து கிடையாது. ஆகவே சபை மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூடியது, இறைவணக்கம் சொன்னது, போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தது, உப்புமா சாப்பிட்டது, கலைந்தது. குறிப்பு வாசிப்பது சில நாள் தவறியிருக்கிறது. உப்புமா தவறியதில்லை.

அந்தச் சபையின் மாடிப்படியை 1958-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் மருதமுத்து ஏறினார். விதி யாரை விட்டது.

மருதமுத்துவுக்கு முனிசிபல் தண்ணீர் ஆபீசில் வேலை. சாலைக்கு அடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று காதால் கண்டுபிடிக்கிற வேலை அது. நாலடி இரும்புக் கம்பி, அதன் தலையில் ஒரு மரக்கிண்ணம். கம்பியின் நுனியைக் குழாய்மேல் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், பத்து கெஜத்துக்கு அப்பால் ஒழுகுகிற தண்ணீரும் அவரிடம் வந்து முறையிடும். கிளேபாங்கிலிருந்து புக்கிட் ரம்பாய் வரைக்கும் அவர் காதுக்குத் தப்பிய ஓட்டை இல்லை என்று ஆபீசில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட காதுக்கு வீட்டில் ஒரு சத்தம் மட்டும் கேட்கவில்லை. பதினைந்து வருஷமாக அவர் கேட்க ஏங்கியது அந்த ஒன்றைத்தான்.

வீட்டில் ஒரு ரேடியோவும் அதோடு இணைத்த ரெக்கார்ட் பெட்டியும் இருந்தன. இசைத்தட்டு ஒன்றே ஒன்று. 1939-இல் சிங்கப்பூரில் யாரோ ஒரு பாகவதர் பாடியது. தட்டின் நடுவே பாகவதர் பெயர் பொன்னெழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘பக்கவாத்தியங்களுடன்’ என்று இருக்கும். அந்தப் பக்கவாத்தியங்களில் மிருதங்கம் மருதமுத்துவின் அண்ணன் பொன்னுதுரை.

பொன்னுதுரையின் கச்சேரி என்றால் இடது கைதான். வாசிக்க உட்காருமுன் அடுப்படியில் ஒரு பிடி ரவையை எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், தொப்பி என்பார்களே அதில், அடையாகத் தட்டி ஒட்டுவார். பிறகு உள்ளங்கையை வைத்து அழுத்தி ஒரு கும்கி இழுத்தால், கேட்கிறவனுக்கு நெஞ்சுக்குழி ஒருமுறை கீழே போய் மேலே வரும். ஆனால் மருதமுத்துவின் ரேடியோவில் பாகவதர் கேட்டார், பிடில் கேட்டது, அண்ணனின் வலது கைகூடத் தகரத்தில் மழை விழுகிறாற்போலத் தொணதொணவென்று கேட்டது. இடது கை கேட்கவில்லை.

1943-இல் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, வீட்டுக்கு ஒருவன் என்று கடுதாசி வந்தது. கடுதாசி மருதமுத்து பெயருக்குத்தான் வந்தது.

“ஒனக்குத் தண்ணி ஆபீஸ் வேலை போயிடும்டா,” என்றார் பொன்னுதுரை. “எனக்கு என்னா, கைதானே. எங்க வேணும்னாலும் கொண்டுக்கிட்டுப் போவலாம். மருதமுத்துன்னு கூப்பிட்டா நான் கையைத் தூக்குறேன். அவனுக்கு என்னா தெரியப் போவுது. மூணு மாசத்துல வந்துடுவேன்.”

மறுநாள் காலை மருதமுத்து சாலையோரம் குந்தி, கம்பியில் காதை வைத்திருந்தார். ஒரு லாரி போனது. அதன் உறுமல் மண்ணுக்குள் இறங்கி, இரும்பில் ஏறிக் காதுக்கு வந்தது. குழாய்ச் சத்தத்தைக் கெடுக்கிறதே என்று அவருக்கு எரிச்சல்தான் வந்தது. தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அண்ணன் அந்த லாரியில்தான் போனார் என்று மாலையில் தெரிந்தது. சண்டை முடிந்து, திரும்பாதவர்களின் பட்டியல் வந்தபோது அதில் ‘மருதமுத்து, காஜா பேராங், இறப்பு’ என்று இருந்தது. பொன்னுதுரை என்று ஒரு பெயர் அதில் இல்லை. தட்டிலும் இல்லை, பட்டியலிலும் இல்லை. அப்படி ஒருவர் இருந்ததற்கு மிச்சம் அந்த இடது கை ஒன்றுதான், அதுவும் கேட்கவில்லை.

“இது அஞ்சு இஞ்சு ஸ்பீக்கர் அண்ணே,” என்றார் ரேடியோக் கடை சிஹாபுதீன், பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு. “சின்னப் பிள்ளை தொண்டை. இதுக்கு மிருதங்கத்தோட எடப்பக்கம் பேச வராது. பேஸ் ஸ்பீக்கர்னு தனியா வைக்கணும். பன்னெண்டு இஞ்சாவது இருக்கணும், அதைவிட முக்கியம் பெட்டி. கனமான பலகை, பெருசா, சந்து பொந்து இல்லாம.”

“என்னா விலை பாய்?”

“லண்டன் சாமான். சிங்கப்பூர்ல நூத்தி நாப்பது வெள்ளி சொல்றான்.”

மருதமுத்துவின் ஒரு மாதச் சம்பளம் அதைவிடக் குறைவு. சிஹாபுதீன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சபையில கேட்டுப் பாருங்களேன்,” என்றார். “பட்டாளத்துச் சினிமாக் கொட்டகையைக் கலைச்சப்ப ஏலத்துல ஆறு பெட்டி எடுத்தாங்க. மெம்பருக்கு இருவது வெள்ளின்னு கீழ ஒட்டிருக்கு. ரெண்டு வருசமா ஒட்டிருக்கு.”

“யாராச்சும் வாங்கினாங்களா?”

“அதான் தெரியல. நோட்டீசு மட்டும் கிழிய கிழியப் புதுசா ஒட்டுறாங்க.”

*

சபைச் செயலாளர் ராஜரத்தினம் விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று ஊரில் பேச்சு. பேச்சு பொய், அவர் தூங்குவதே இல்லை. உறுப்பினர் விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்ததும் எழுந்துபோய், பீரோவிலிருந்து ஒரு பழைய பட்டியலை எடுத்து வந்தார்.

“விதி பதினேழின்படி உறுப்பினர் உயிரோடு இருத்தல் வேண்டும். தாங்கள் சயாமில் காலமாகியிருக்கிறீர்கள்.”

“இல்ல சார், இங்கதான இருக்கேன்.”

“அது தங்கள் வாய்மொழி. இது அச்சு.”

மருதமுத்து பதினைந்து வருஷமாக மனைவி விஜயாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை அன்று சொன்னார். அவளே அதைக் கேட்டபின் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. “அது எங்க அண்ணன் சார். பொன்னுதுரை. எம் பேரைச் சொல்லிட்டுப் போனாரு.”

செயலாளர் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். “பொன்னுதுரை என்ற பெயர் இதில் இல்லை. ஆகவே அவர் உயிரோடு இருக்கிறார். காலமானவர் தாங்கள்தான். ஆனால் தாங்கள் முன்னதாகவே சந்தா கட்டி ரசீது வாங்கியிருப்பதால், சந்தா செலுத்தும் காரியத்துக்கு மட்டும் தங்களை உயிரோடு இருப்பவராகச் சபை கொள்ளும்.”

மருதமுத்து அன்று உறுப்பினரானார். வீடு திரும்பும் வழியெல்லாம், அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று ஒருவர் தன்னிடம் சொன்னதையே நினைத்துக்கொண்டு நடந்தார். முட்டாள்தனம் என்று தெரியும். ஆனாலும் வீட்டு வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தார்.

பெட்டி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இருபத்தாறு கேள்விகள். ‘கேட்கப்போகும் ஓசை யாருடையது?’ என்பது பத்தொன்பதாவது. மருதமுத்து அண்ணன் பெயரை எழுதினார். ஒலி உபகுழுவின் நிபுணர் சேதுபதி இசைத்தட்டைக் கேட்டு வாங்கி, கேட்காமல், படித்தார். சேதுபதியின் மைத்துனர் சிங்கப்பூரில் ரேடியோ வைத்திருந்தார். அதனால் இவர் நிபுணர்.

“பாகவதர் பெயர் இருக்கிறது. பொன்னுதுரை என்று இல்லையே.”

“கீழ, பக்கவாத்தியங்களுடன்னு இருக்குதுல்ல, அதுல ஒரு வாத்தியம் அவருதான்.”

“அச்சில் இல்லாத ஓசையைச் சபை கேட்பதில்லை,” என்று சேதுபதி தட்டைத் திருப்பிக் கொடுத்தார். விண்ணப்பத்தில், ‘இல்லாத ஓசைக்காக’ என்று குறித்து, வீட்டுப் பரிசோதனைக்குச் சிபாரிசு செய்தார்.

இதற்கிடையே அந்தப் பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர் என்று தீராமல் மூன்று கூட்டம் போனது. ‘அடித்தொண்டைப் பெட்டி’ கொச்சை என்று தள்ளப்பட்டது. ‘கும்ப கர்ஜனி’ என்பதற்கு ஒரு வோட்டுக் குறைந்தது. கடைசியில் ‘மந்தர ஸ்தாயி ஒலிப் பேழை’ என்று நிறைவேறி, எல்லாரும் மந்தரப் பெட்டி என்று சொன்னார்கள்.

வீட்டுப் பரிசோதனைக்குத் தலைவர் மாணிக்கவாசகமே வந்தார். சுங்க இலாகாவில் முப்பத்தொரு வருஷம் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கனத்த சரீரம். பலகை வீட்டின் நடுவில் நின்று, தரையின் உறுதியைப் பார்க்க மூன்று முறை குதித்தார். அலமாரியில் பாத்திரங்கள் ஆடின. சேதுபதி சுவர்ப் பலகை இடுக்குகளை எண்ணினார்.

“பதினான்கு இடுக்கு. மந்தர ஓசை வெளியே ஒழுகும்,” என்றார் தலைவர். “வீட்டை மாற்றிக்கொண்டு விண்ணப்பிக்கலாம்.”

விஜயா தேநீரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “ஒழுகுறதைக் கண்டுபுடிக்கிறதுதாங்க இவுங்க வேலையே. அதை இவுங்களே பார்த்துக்குவாங்க. நீங்க பெட்டியக் குடுங்க.”

தலைவர் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். ‘விண்ணப்பதாரரின் மனைவி வாதாடினார்’ என்று குறிக்கப்பட்டது. ஒருவேளை அதனாலேயே, பெட்டியைக் காதால் கேட்டுப் பார்க்கும் கேள்விப் பரீட்சைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது.

*

பரீட்சை ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. மருதமுத்து தட்டை வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். வேலையிலிருந்து நேரே போனதால் காதுக் கம்பியும் கையில் இருந்தது. துணைக்குச் சிஹாபுதீன் வந்தார். சாமானைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா.

மேடையில் சபையின் ரேடியோகிராம். அதன் அருகே நாலாம் எண் மந்தரப் பெட்டி நின்றது. ஆளில் பாதி உயரம், தேக்குப் பலகை, முன்னால் பழுப்புத் துணி. பட்டாளத்துப் பச்சைச் சாயத்தின் மேல் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாமந்தி மாலை. மற்ற ஐந்தும் பின்னறையில் பூட்டிக் கிடந்தன. சபைக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பெட்டிக்கு முன்னால்தான் இறைவணக்கம். ரேடியோகிராமில் எது வைத்தாலும் உறுப்பினர்கள் இதன் ஆழத்தைப் புகழ்வது வழக்கம்.

“நான் ஒன்று சொல்வேன்,” என்று தலைவர் எழுந்தார். “சுங்கத்தில் முப்பத்தொரு வருஷம் பெட்டிகளோடு வாழ்ந்தவன் நான். ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பவன் கற்றுக்குட்டி. திறக்காமலே உள்ளே இருப்பதைச் சொல்பவன் அதிகாரி. இந்தப் பெட்டியை நான் இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை. இதன் உள்ளே இருக்கிற ஆழம் எனக்குத் தெரியும். சுதந்திரம் பெற்ற நாட்டில் கண்டவரும் கண்டதையும் கேட்கலாகாது. எதைக் கேட்பது என்று தீர்மானித்த பிறகே காதைத் திறக்க வேண்டும். நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. அதுதான் எங்கள் சாதனை.”

கைதட்டல் அடங்கியபின் உப்புமா வந்தது. அதன்பின் இசைத்தட்டு வைக்கப்பட்டது.

பாகவதர் பாடத் தொடங்கினார். பிடில் இழைந்தது. வலது கை தொணதொணத்தது. மருதமுத்து காத்திருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. பெட்டியின் அருகே குந்தி, கம்பியின் நுனியைப் பலகையில் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெகு தூரத்தில் ஒரு லாரி போகிற உறுமல் கேட்டது. அது நெருங்கி வந்தது. பாகவதர் பல்லவிக்குத் திரும்பினார், உறுமல் நின்றது, நின்ற இடத்தில், ஈரத்தோலில் உள்ளங்கையை அழுத்தி இழுத்த ஒரு கும்கி கேட்டது. அவருக்கு நெஞ்சுக்குழி கீழே போய் மேலே வந்தது.

“அண்ணே,” என்றார்.

இரண்டாவது கும்கிக்குக் கம்பி தேவைப்படவில்லை. எல்லாருடைய நாற்காலிக்கும் அடியில் பலகைத்தளம் அதிர்ந்தது. தேநீர்க் குவளைகள் தட்டோடு நகர்ந்தன. செயலாளரின் மைப்புட்டி மேஜை விளிம்புவரை போய் நின்றது. இடது கை பாட்டைத் தாங்கிக்கொண்டு போனது, பாட்டு முடிந்தது, ஊசி தட்டின் உள்வட்டத்தில் வெறுமனே கீறிக்கொண்டிருந்தது. இடது கை நிற்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்ததை மும்முறை சொல்லி முடித்து, கடைசி அடியை வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

முதலில் அசைந்தது சிஹாபுதீன். பெட்டியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்.

“இதுக்கு வயரே இல்லையே,” என்றார்.

திருப்புளியால் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே ஸ்பீக்கர் இல்லை. ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை, அதில் சிலந்தி வலை. பட்டாளத்துக்காரன் சாமானைக் கழற்றிக்கொண்டு காலிப் பெட்டியைத்தான் ஏலம் விட்டிருந்தான். பெட்டியின் உள்ளே, அடிப்பலகையில், உள்ளங்கை அகலத்துக்கு ஈர ரவை ஒட்டியிருந்தது.

“உப்புமா,” என்றார் சேதுபதி. அவர் குரல் கீச்சென்று வந்தது.

மருதமுத்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பில்லை. எண்ணெயில்லை. இப்போதுதான் பிசைந்த பச்சை ரவை.

இந்த இடத்தில் வேறு எந்த மனிதர்களாக இருந்தாலும் ஓடியிருப்பார்கள், இல்லை விழுந்து கும்பிட்டிருப்பார்கள். சபை அப்படிப்பட்டதல்ல. செயலாளர் எழுந்து நின்று, தலைகீழாகப் பிடித்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“ஒழுங்குப் பிரச்சினை. விதி ஒன்பது. சபையின் முன் அனுமதியின்றி மண்டபத்தில் எவரும் வாத்தியம் வாசிக்கலாகாது. இப்போது வாசித்தவர் யார்?”

எல்லாரும் மருதமுத்துவைப் பார்த்தார்கள்.

“எங்க அண்ணன். பொன்னுதுரை,” என்றார் அவர்.

“உறுப்பினரா?”

“இல்லைங்க.”

“அப்படியானால் குற்றம் இரட்டிப்பு,” என்றார் செயலாளர். புத்தகத்தை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.

*

நான்காம் நாள் தபாலில் நோட்டீஸ் வந்தது. சபையின் முத்திரைத் தாள், தட்டச்சு.

‘திரு. பொன்னுதுரை அவர்கள், மிருதங்க வித்துவான், மே/பா மருதமுத்து, காஜா பேராங். ஐயா, தாங்கள் 12.7.58 சனிக்கிழமை மாலை ஐந்து மணி இருபது நிமிஷத்துக்குச் சபை மண்டபத்தில் முன் அனுமதியின்றி இடது கையால் மிருதங்கம் வாசித்ததாகவும், பாட்டு முடிந்த பின்னும் நிறுத்தாமல் வாசித்ததாகவும், ஆஜராயிருந்த பதினொரு உறுப்பினர்கள் அறிகிறார்கள். எதிர்வரும் சனிக்கிழமை நேரில் தோன்றிச் சமாதானம் சொல்லத் தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்.’

விஜயா அதை வாங்கிப் படித்தாள். பிறகு தாளை அவரிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மருதமுத்து வாசற்படியில் உட்கார்ந்து, மேல்விலாசத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். அண்ணன் பெயரை அச்செழுத்தில் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தார். ஒரு வருஷமும் இல்லை; பார்த்ததே இல்லை. அவர் அழுதார்.

சனிக்கிழமை விசாரணைக்குப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். வராவிட்டால் அபராதம் என்று விதி இருந்தது. பெட்டிக்கு மாலையில்லை, அதை மேடையிலிருந்து இறக்கிக் கதவோரம் தள்ளி வைத்திருந்தார்கள். விபூதி மட்டும் இன்னும் இரண்டு பட்டை கூடியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த நாற்காலியில் மருதமுத்து உட்கார்ந்தார்.

“விதிப்படி மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும்,” என்றார் செயலாளர். சேதுபதி ஜன்னலருகே போய் நின்றார்.

“பொன்னுதுரை,” என்று சாலையைப் பார்த்துக் கூப்பிட்டார். கீழே சைக்கிள் மணி ஒன்று அடித்தது.

“பொன்னுதுரை.”

அந்தப் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லி மருதமுத்து கேட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அந்த லாரியருகே அண்ணனை யாரும் இப்படிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டதெல்லாம் மருதமுத்து என்றுதான். அவர் வேட்டியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பொன்னுதுரை,” என்றார் சேதுபதி மூன்றாம் முறை.

கதவோரப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு அடி வந்தது. உள்ளங்கையை அழுத்தி, மெதுவாக மேலே இழுத்து, விட்டது.

தலைவர் எழுந்து நின்றார். “ஆஜர் என்று எழுதுங்கள்.”

செயலாளர் எழுதினார். பேனா கீறுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

“வித்துவான் அவர்களே,” என்று தலைவர் காலி நாற்காலியைப் பார்த்துத் தொடர்ந்தார். முகத்தில் வியர்வை வழிந்தாலும் மேடைக் குரல் அவரைக் கைவிடவில்லை. “இந்தச் சபையில் பதினோரு வருஷமாக ஒருவரும் வாசித்ததில்லை. அந்தப் பெருமையைத் தாங்கள் கெடுத்துவிட்டீர்கள். நன்றாக வாசித்தீர்கள் என்பது குற்றத்தைக் குறைக்காது, கூட்டும். தங்களை எச்சரித்து விடுகிறோம். பெட்டி நாலாம் எண்ணைச் சபையிலிருந்து நீக்குகிறோம். விண்ணப்பதாரர் இருபது வெள்ளி கட்டி இன்றே எடுத்துச் செல்லட்டும். மற்ற ஐந்தையும் யாரும் திறக்கலாகாது. உப்புமா இன்றைக்கு வேண்டாம்.”

சபையின் சரித்திரத்தில் உப்புமா தவறியது அன்று ஒருநாள்தான்.

*

சிஹாபுதீன் மூடிப்போன ஒரு படக்கொட்டகையிலிருந்து பன்னிரண்டு இஞ்சு ஸ்பீக்கர் ஒன்றைப் பதினெட்டு வெள்ளிக்குப் பிடித்து வந்தார். அதன் கிழிந்த காகிதக் கூம்பைப் பசை வைத்து ஒட்டி, பெட்டியின் ஓட்டையில் பொருத்தி, வயர் இழுத்து, ரேடியோவோடு இணைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தார்கள். சிஹாபுதீன் ஊசியை வைத்தார்.

பெட்டி நன்றாகத்தான் பேசியது. பாகவதரின் நெஞ்சு அதிர்வது கேட்டது. தட்டு சுற்றுகிற இயந்திரத்தின் முனகல் கேட்டது. மிருதங்கத்தின் வலது கை முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. இடது கை இல்லை. பாட்டு முடியும்வரை இல்லை. இன்னொரு முறை வைத்தார்கள், அப்போதும் இல்லை. மருதமுத்து கம்பியை எடுத்துப் பெட்டியில் ஊன்றிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

சிஹாபுதீன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “அண்ணே, மனசு ஒடஞ்சிடாதீங்க. இது தட்டுலயே ஏறல. அந்தக் காலத்துல எடக்கை பலமா விழுந்தா ஊசி எகிறிடும்னு பயந்து, மிருதங்கக்காரரைத் தள்ளி ஒக்கார வச்சு, எடப்பக்கத்துல துணியைப் போட்டு மூடிடுவாங்கன்னு எங்க வாத்தியார் சொல்வாரு. நூத்தி நாப்பது வெள்ளி சாமான் வாங்கியிருந்தாலும் இதேதான். தட்டுல இல்லாததை எந்தப் பெட்டியும் தராது.”

“அப்ப சபையில கேட்டது?” என்றாள் விஜயா.

சிஹாபுதீன் திருப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். “நான் வயர் இல்லைன்னு மட்டுந்தான் பார்த்தேன் தங்கச்சி. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.” வாசல்வரை போனவர் திரும்பி, பெட்டியைப் பார்த்து ஏதோ முணுமுணுத்து ஓதிவிட்டுப் போனார்.

மருதமுத்து அன்று மாலையே சபைக்குப் போய், விசாரணைக் குறிப்பின் நகல் கேட்டு விண்ணப்பித்தார். நகல் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அதற்கும் ஒரு உபகுழு போட்டார்கள். கடைசியில் கிடைத்த தாளில், தேதிக்குக் கீழே, ‘பொன்னுதுரை, மிருதங்க வித்துவான்’ என்றும், அதற்கு நேரே செயலாளரின் கையெழுத்தில் ஒரு சொல்லும், சபையின் ஊதா முத்திரையும் இருந்தன. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, மந்தரப் பெட்டிக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

சட்டம் போட்டு மாட்டியதைப் பார்த்து, விஜயா பசாரிலிருந்து வாங்கி வந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். காலமானவர்களுக்குப் போடுகிறபடி சட்டத்தின்மேல் போடக் கையைத் தூக்கினாள்.

“மாலை போடாத,” என்றார் மருதமுத்து.

“ஏன்?”

“ஆஜர்னு போட்டிருக்கு.”

விஜயா தூக்கிய கையை இறக்கினாள். பிறகு சரத்தைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, அடுப்படியில் ரவை டப்பாவைத் திறந்து ஒரு பிடி எடுத்து, கிண்ணத்தில் தண்ணீர் தெளித்து வைத்தாள்.